பதினான்கு மாதத்துக்குள் ஒரு பருவம்: இறைச்சி மாட்டுக் கிடேரிகளின் கணக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சாண்ட்ஹில்ஸ் என்றொரு பகுதி இருக்கிறது. ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீட்டருக்கு மணல்மேடுகள், அவற்றின்மேல் போர்வை போலப் புல். உழுதால் மணல் காற்றோடு போய்விடும். அதனால் அங்கே பிழைப்பு என்றால் பெரும்பாலும் மாடுதான், அதுவும் இறைச்சிக்காக வளர்க்கும் மாடு. மார்ச்சில் பனி முழுசாக விலகுவதற்கு முன்பே கன்றுகள் பிறக்கத் தொடங்கும். அக்டோபரில் கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். பெண் கன்றுகளில் தேறியவற்றை விற்காமல் நிறுத்திக்கொள்வார்கள். அவைதான் அடுத்த தலைமுறைக் கிடேரிகள்.

அந்தக் கிடேரிக்கு முன்னால் ஒரு கெடு இருக்கிறது. அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில் காளையைச் சேர்ப்பார்கள், அல்லது சினை ஊசி போடுவார்கள். அப்போது அதன் வயது 14 மாதம் சொச்சம். உடனே சினை பிடித்தால் மறு மார்ச்சில், இரண்டு வயதை எட்டும் சமயத்தில், முதல் கன்றை ஈனும். பிடிக்காவிட்டால் ஓர் ஆண்டுத் தீவனம் வீண். இந்தக் கெடுவுக்கு முன் கிடேரி பருவத்துக்கு வந்திருக்க வேண்டும், வந்து ஒன்றிரண்டு சினைச் சுழற்சியும் முடிந்திருக்க வேண்டும். இறைச்சி மாட்டுப் பண்ணையில் இதைவிட முக்கியமான தேதி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏன் இவ்வளவு அவசரம்? நம் ஊரில் கறவை மாடு வைத்திருப்பவர், மாடு சினை பிடிக்க இரண்டு மாதம் தள்ளிப்போனால் வருத்தப்படுவார். ஆனால் அந்த இரண்டு மாதமும் ஏதோ கொஞ்சம் பால் கறக்கும். இறைச்சிக்காக வளர்க்கும் பசுவிடம் பால் கறப்பதில்லை. வருஷம் முழுக்க அது தின்பதற்கு ஈடாகக் கிடைப்பது ஒரே ஒரு கன்று. வருஷத்தில் 365 நாள், சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள், மிச்சம் 82. அந்த 82 நாளுக்குள் கருப்பை சுருங்கி, உடம்பு தேறி, மறுபடி சினைக்கு வந்து, சினையும் பிடித்தால்தான் அடுத்த ஆண்டும் அதே சமயத்தில் கன்று கிடைக்கும். நாலைந்து ஈற்று கண்ட பசு ஈன்ற ஐம்பது அறுபது நாளில் மறுபடி சினைக்கு வந்துவிடும். தலையீற்றுப் பசுவுக்கு அது முடியாது. தானும் வளர வேண்டும், கன்றுக்கும் பால் கொடுக்க வேண்டும். எண்பது நூறு நாள்கூட ஆகும். அதனால்தான் பல பண்ணைகளில் கிடேரிகளுக்கு மட்டும் பசுக்களைவிட மூன்று வாரம் முன்னதாகவே காளையைச் சேர்க்கிறார்கள். முதல் ஈற்றில் பிந்திய கிடேரி இரண்டாவது ஈற்றில் இன்னும் பிந்தும், மூன்றாவது ஆண்டில் சினையே பிடிக்காமல் சந்தைக்குப் போகும்.

முதல் ஈற்றில் முந்திய பசு வாழ்நாள் முழுக்க முந்தியே ஈனுகிறது, மொத்தத்தில் கூடுதல் எடைக் கன்றுகளைத் தருகிறது என்று மொன்டானாவில் நடந்த ஆய்வு ஒன்று 1973இலேயே காட்டியது. நாற்பது ஆண்டுக்குப் பின், நெப்ராஸ்காவின் கிளே சென்டரில் இருக்கும் அமெரிக்க இறைச்சி விலங்கு ஆராய்ச்சி மையத்தின் மந்தைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். முதல் ஈற்றில், ஈனும் பருவத்தின் முதல் 21 நாளுக்குள் ஈன்ற பசுக்கள், பிந்தி ஈன்றவற்றைவிட ஏறக்குறைய ஓர் ஆண்டு கூடுதலாக மந்தையில் நீடித்திருந்தன. கிடேரியை வளர்க்கப் போட்ட பணம் திரும்பி வரவே மூன்று நான்கு கன்று ஆகும் தொழிலில் ஓர் ஆண்டு என்பது சின்ன விஷயமில்லை.

சரி, பருவமடைவது என்றால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கன்றின் சினைப்பை ஏதோ தூங்கிக் கிடக்கிறது, ஒருநாள் விழித்துக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பிறந்து இரண்டு வாரமான கன்றின் சினைப்பையிலேயே, முட்டை இருக்கும் நுண்குமிழ்கள் அலை அலையாக வளர்ந்து அடங்குவதை ஸ்கேனில் பார்க்கலாம். குமிழ் வளர்கிறது, ஆனால் வெடித்து முட்டையை வெளியே விடுவதில்லை. தடை மூளையில் இருக்கிறது. குமிழ் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை இளங்கன்றின் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி மிகவும் கூர்மையாக உணரும். கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் வந்தாலே போதும், குமிழைப் பழுக்கவைக்கும் லூட்டினைசிங் ஹார்மோனை விடச்சொல்லும் கட்டளையை நிறுத்திவிடும். பல மணிக்கு ஒருமுறைதான் அந்த ஹார்மோன் துடிப்பாக வெளிவரும். அது போதாது, குமிழ் பழுக்காது.

வயதும் உடம்பில் சேரும் சத்தும் கூடக்கூட அந்தக் கூர்மை மழுங்குகிறது. 1980களில் நடந்த ஆய்வுகள், பருவமடைவதற்கு முந்தைய சுமார் ஐம்பது நாளில் இந்த மாற்றம் வேகமெடுப்பதைக் காட்டின. ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் ஏற்பிகள் மூளையில் குறைகின்றன, ஹார்மோன் துடிப்புகள் நெருங்கி மணிக்கொன்று என்ற அளவுக்கு வருகின்றன, குமிழ் பெரிதாகிறது, கடைசியில் முட்டை வெளிப்படுகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின், இரத்தத்தில் இருக்கும் இன்சுலின் வகைக் காரணிகள் எல்லாம் "உடம்பில் இருப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்லும் தூதுகள். பஞ்சத்தில் கருத்தரித்துத் தானும் சாகாமல் இருக்க இயற்கை வைத்த பூட்டு இது.

முதல் பருவம், அதாவது முதல் தடவை சினைக்கு வருவது, அவ்வளவு பயன்படுவதில்லை என்பதுதான் பண்ணைக்காரருக்கு இதில் முக்கியம். முதல் முட்டை வெளிப்பட்டபின், வெடித்த குமிழிலிருந்து உருவாகிக் கருவைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியம் என்ற திரட்சி பல கிடேரிகளில் ஒரு வாரம் பத்து நாளிலேயே கரைந்துவிடும். கருவைத் தாங்கும் அளவுக்குக் கருப்பையும் இன்னும் பக்குவப்பட்டிருக்காது. மொன்டானாவின் மைல்ஸ் சிட்டியில், ஃபோர்ட் கியோ ஆய்வு நிலையத்தில் நடந்த சோதனை ஒன்று 1987இல் வெளியானது. முதல் பருவத்திலேயே இனச்சேர்க்கை செய்த கிடேரிகளில் 57 சதவீதம் சினை பிடித்தன. மூன்றாவது பருவம் வரை பொறுத்தவற்றில் 78 சதவீதம். இரண்டு பருவங்களுக்கு இடையே 21 நாள், மொத்தம் 42 நாள். இந்த 42 நாளை மே மாதக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஏப்ரல் நடுவுக்கு வரும். அப்போது கிடேரிக்கு வயது 13 மாதம். பண்ணையின் உண்மையான கெடு அதுதான்.

இந்தக் கெடுவை எட்ட என்ன செய்வது என்ற கேள்விக்குப் பல பத்தாண்டுகளாக ஒரே பதில்தான் இருந்தது: எடை. முழு வளர்ச்சியில் பசு எவ்வளவு கனக்குமோ அதில் 65 சதவீதத்தைக் கிடேரி எட்டியிருக்க வேண்டும் என்றார்கள். கால்நடை விரிவாக்க அலுவலர்கள், தீவன விற்பனையாளர்கள், கல்லூரிப் பாடங்கள் எல்லாம் இதையே சொன்னார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த பசு 550 கிலோ என்று வையுங்கள். 65 சதவீதம் என்றால் 357 கிலோ. அக்டோபரில் பால் மறக்கடித்தபோது கிடேரி 215 கிலோ இருந்தால், மே கடைசிக்குள் இருக்கும் சுமார் 225 நாளில் தினம் 630 கிராம் ஏற வேண்டும். நெப்ராஸ்காவின் குளிர்காலக் காய்ந்த புல்லில் அது நடக்காது. பட்டியில் அடைத்து, மக்காச்சோளமும் நல்ல வைக்கோலும் வாங்கிப் போட வேண்டும். இலக்கை 55 சதவீதமாக, அதாவது 302 கிலோவாகக் குறைத்தால் தினம் 390 கிராம் போதும். அதை மேய்ச்சலிலும், அறுவடை முடிந்த மக்காச்சோளத் தட்டைக் காட்டிலும், கொஞ்சம் புரதத் தீவனத்தோடு ஏற்றிவிடலாம்.

குறைத்தால் சினை பிடிக்குமா? நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ரிக் ஃபன்ஸ்டனும் ஜீன் டாய்ச்சரும் மூன்று ஆண்டுகளில் 240 கிடேரிகளை வைத்து இதைப் பார்த்து 2004இல் எழுதினார்கள். ஒரு கூட்டம் இனச்சேர்க்கையின்போது 58 சதவீத எடையில் இருந்தது, மற்றது 53 சதவீதத்தில். எடை குறைந்த கூட்டத்தில் முன்கூட்டியே பருவத்துக்கு வந்தவை குறைவுதான். ஆனால் சினைப் பிடிப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை, பின்னால் வந்த ஈற்றுகளிலும் இல்லை. கிடேரி ஒன்றுக்கு 22 டாலர் செலவு மிச்சமானது. பிறகு 50 சதவீதம் வரைகூடக் குறைத்துப் பார்த்தார்கள், 45 நாள் 60 நாள் என இனச்சேர்க்கைக் காலத்தை மாற்றிப் பார்த்தார்கள், சினை பிடிப்பது பெரிதாக விழவில்லை. ஃபோர்ட் கியோவில் பால் மறந்தபின் 140 நாளுக்குத் தீவனத்தைக் கட்டுப்படுத்தியபோதும், 27 சதவீதம் குறைவாகத் தின்ற கிடேரிகள் சினை பிடிப்பதில் ஏறக்குறைய ஈடுகொடுத்தன.

பழைய 65 சதவீதம் பொய்யா என்றால், இல்லை. 1960களிலிருந்து 80கள் வரை இருந்த மாடுகளுக்கு அது சரியாக இருந்தது. அதுவரை பல பண்ணைகளில் மூன்று வயதில்தான் முதல் கன்று. இரண்டு வயதில் ஈன வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் முடிவெடுத்தபின், 15 மாதத்தில் சினை பிடிக்காத கிடேரியெல்லாம் விற்பனைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சல்லடை வேலை செய்திருக்கிறது. எஞ்சியவற்றின் மகள்கள் முன்னதாகவே பருவத்துக்கு வருகின்றன. மாடு மாறிவிட்டது, வாய்ப்பாடு மட்டும் பழையபடியே இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "50 சதவீதம் போதும்" என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு கிடேரியைப் பட்டினி போடுவது தவறு. அந்த ஆய்வுகளில் கிடேரி மெலிந்து போகவில்லை, மெல்ல வளர்ந்தது. இனச்சேர்க்கைக்குச் சற்று முன்னும் அதன்போதும் வசந்தகாலப் பசும்புல் வந்துவிட்டது, எடை வேகமாக ஏறியது. முதல் கன்றை ஈனும்போது முழு எடையில் 80 முதல் 85 சதவீதம் வரை எட்டியும் விட்டது. பின்னால் ஏற்றிவிடப் புல் இல்லாத இடத்தில் முன்னால் குறைத்தால் ஈற்றுச் சிக்கலும் அடுத்த ஆண்டு மலட்டுத்தனமும்தான் மிஞ்சும். தன் மந்தையின் முழு வளர்ச்சி எடை எவ்வளவு என்று தராசில் நிறுத்துப் பார்க்காதவர் சதவீதம் பேசுவதில் அர்த்தமே இல்லை.

எடை எவ்வளவு என்பதைவிட, அது எந்த வரிசையில் ஏறியது என்பதும் பார்க்க வேண்டியது. 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் மூன்று விதமாக ஏற்றிப் பார்த்தார்கள்: சீராக, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும், முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும். கடைசி இரண்டு மாதத்தில் எடையேற்றிய கிடேரிகள் மற்றவற்றுக்குச் சளைக்காமல் சினை பிடித்தன, தின்றது மட்டும் குறைவு. இனச்சேர்க்கைச் சமயத்தில் உடம்பு ஏறுமுகத்தில் இருப்பதுதான் மூளைக்குத் தெரிய வேண்டிய செய்தி. கிளே சென்டரில் ஹார்வி ஃப்ரீட்லியும் சக ஆய்வாளர்களும் இன்னொன்றையும் கண்டார்கள்: இப்படிப் படிப்படியாகக் குறைத்துப் பிறகு கூட்டிய கிடேரிகளின் சினைப்பையில் எஞ்சியிருந்த ஆரம்பநிலை முட்டைக்குமிழ்களின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. இருப்பு சீக்கிரம் செலவாகவில்லை.

மறுபக்கம், மிதமிஞ்சித் தீவனம் போடுவதன் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. கிடேரி பளபளவென்று இருக்கும், பார்ப்பவர் மெச்சுவார். மடியில் கொழுப்பு சேர்ந்தால் பால் குறையும், பிறப்புவழியில் கொழுப்பு சேர்ந்தால் ஈற்று கடினமாகும். பட்டியில் தொட்டித் தீவனம் தின்று வளர்ந்த கிடேரியைச் சினை ஊசி போட்ட மறுநாள் மேய்ச்சலுக்கு விரட்டினால், அதற்கு மேயவே தெரியாது. வேலியோரமாக நின்று தொட்டியைத் தேடும். அந்த வாரத்தில் எடை இறங்கும், ஒட்டியிருந்த கருவும் கலையும். தெற்கு டகோட்டா ஆய்வாளர்கள் இதைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஊசிக்குச் சில வாரம் முன்பே புல்லுக்குப் பழக்கிவிட்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

பருவத்தின் விதை பால் மறப்பதற்கு முன்பே ஊன்றப்படுகிறது என்பது கடந்த இருபது ஆண்டுகளில் தெளிவான செய்தி. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று நான்கு மாதத்திலேயே கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து அடர்தீவனம் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை 300 நாள் வயதுக்கு முன்பே, அதாவது பத்து மாதத்துக்குள், பருவத்துக்கு வந்துவிட்டன. நான்கு மாதம் முதல் ஏழெட்டு மாதம் வரை உள்ள காலத்தில் கிடைக்கும் சத்து மூளையின் கடிகாரத்தை முன்னோக்கி நகர்த்துகிறது. டெக்சாஸில் நடந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அதற்குப் பிறகு குறைத்தாலும் அந்தத் தாக்கம் ஓரளவு நிலைக்கிறது.

இதைக் கேட்டு எல்லாரும் கன்றுக்கு அடர்தீவனம் வாங்கிப் போட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சாண்ட்ஹில்ஸ் பண்ணையில் அந்த நான்கு மாதம் முதல் ஏழு மாதம் வரை என்பது ஜூலை முதல் அக்டோபர். தாயின் பாலும் கோடைப் புல்லும் இருக்கும் காலம். பால் வளமுள்ள தாய்க்கு, ஈனும் காலத்தின் தொடக்கத்திலேயே பிறந்த கன்றுக்கு இது தானாகவே வாய்க்கிறது. சாண்ட்ஹில்ஸில் இருக்கும், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் குட்மண்ட்சன் ஆய்வகத்தில் 1997 முதல் 2010 வரை சேர்ந்த பதிவுகள் அதைத்தான் காட்டின. ஈனும் காலத்தின் முதல் 21 நாளில் பிறந்த கிடேரிகளில் 70 சதவீதம் இனச்சேர்க்கைக்கு முன்பே பருவத்துக்கு வந்திருந்தன. இரண்டாவது 21 நாளில் பிறந்தவற்றில் 58, மூன்றாவதில் 39. சினை பிடித்தவை முறையே 90, 86, 78 சதவீதம். பிந்திப் பிறந்த கன்று வயதில் இளையது என்பதால் மட்டும் அல்ல, பிந்தி ஈனும் தாயின் மகள் என்பதாலும் பிந்துகிறது. எந்தக் கன்றை நிறுத்திக்கொள்வது என்று அக்டோபரில் யோசிக்கும் பண்ணைக்காரர், காதுவில்லையில் இருக்கும் பிறந்த தேதியைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. செலவே இல்லாத தேர்வு இது. ஆனால் பலர் உயரத்தையும் நிறத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தந்தையும் சேர்ந்துதான். காளையின் விரைச்சுற்றளவும் அதன் சகோதரிகள், மகள்கள் பருவமடையும் வயதும் மரபில் பின்னிக் கிடக்கின்றன. 1978இல் கொலராடோவில் இவ்விரண்டுக்கும் இடையே கணித்த மரபுத் தொடர்பு எதிர்மறையில் 0.71. அதாவது சுற்றளவு பெரிதாக இருக்கும் காளையின் குடும்பத்துக் கிடேரிகள் முந்திப் பருவத்துக்கு வரும். ஒரு அளவுநாடா போதும் இதைப் பார்க்க. ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு போன்ற இரண்டு இனங்களைக் கலந்தால் பிறக்கும் கிடேரியும் தூய இனத்தைவிட முந்தும்.

அப்புறம் கருவிகள். இனச்சேர்க்கைக்கு நாலைந்து வாரம் முன்பு மருத்துவர் மலக்குடல் வழியே கைவிட்டுக் கருப்பையையும் சினைப்பையையும் தடவிப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் முறை கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஒன்று என்றால் கன்றுக்குட்டியின் கருப்பை மாதிரி, தொட்டாலும் திரட்சியே இருக்காது. ஐந்து என்றால் கார்பஸ் லூட்டியம் கைக்குத் தட்டுப்படும், கிடேரி சுழற்சிக்கு வந்துவிட்டது. ஒன்று வாங்கியவற்றை அப்போதே விற்றுவிடலாம். கூட்டத்தில் பாதி இரண்டிலும் மூன்றிலும் நின்றால் அது கிடேரியின் குறையைவிடத் தீவனத்தின் குறை. திருத்த இன்னும் சில வாரம் இருக்கிறது.

இரண்டிலும் மூன்றிலும் நிற்பவற்றைத் தள்ளிவிட புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்துகள் உண்டு. மெலெங்கெஸ்ட்ரால் அசிடேட்டைத் தீவனத்தில் கலந்து தினம் அரை மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுப்பார்கள், அல்லது புரோஜெஸ்ட்ரோன் ஊறிய சிடர் என்ற சாதனத்தைப் பிறப்புவழியில் வைத்து எடுப்பார்கள். பருவத்தின் வாசலில் நிற்கும் கிடேரியின் மூளையில் ஈஸ்ட்ரோஜன் பிடிமானத்தை இது தளர்த்துகிறது. மருந்து நின்றதும் ஹார்மோன் துடிப்பு எழுந்து முட்டை வெளிப்படுகிறது. மெலெங்கெஸ்ட்ரால் நின்றபின் வரும் முதல் பருவத்தில் ஊசி போடக் கூடாது, அது நல்ல பருவம் அல்ல. 19 நாள் பொறுத்து, கார்பஸ் லூட்டியத்தைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைக் கொடுத்து, அதன்பின் வரும் பருவத்தில் போட வேண்டும். பருவமே அடையாத கிடேரிக்குப் புரோஸ்டாகிளாண்டினை மட்டும் கொடுத்தால் ஒன்றும் நடக்காது, அது கரைக்க வேண்டிய கார்பஸ் லூட்டியமே உள்ளே இல்லை. வாசலுக்கு வெகுதூரத்தில் நிற்கும் இளங்கன்றுக்கு இந்த மருந்துகள் எதுவும் உதவாது.

தீவனத்தில் மோனென்சின் என்ற மருந்தைச் சேர்த்தால் அசைப்பையில் உடம்புக்குச் சக்தி தரும் புரோப்பியோனேட் கூடி, எடை ஏறாவிட்டாலும் பருவம் முந்துகிறது. அதைக் கலந்த தீவனம் குதிரைக்கு எட்டிவிடக் கூடாது, சிறு அளவே கொன்றுவிடும். குதிரையேறி மாடு மேய்க்கும் நாட்டில் இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். நன்றாக வளரும் கிடேரிகளின் பக்கத்தில் காளையைக் கட்டி வைத்தாலும் பருவம் முந்தும் என்று பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஹார்மோன் உதவியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தேதியை ஒழுங்குபடுத்தவும், எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் ஊசி போடவும் அது அருமையான கருவி. ஆனால் தன்னால் வர முடியாத கிடேரியையும் தள்ளிக் கொண்டுவந்து மந்தையில் நிறுத்தினால், அதன் மகளும் அப்படியே பிறக்கும். முன்பு சொன்ன சல்லடை ஓட்டையாகிவிடும். தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கிடேரிகளை நிறுத்தி, செலவு குறைவாக வளர்த்து, 30 முதல் 45 நாள் மட்டும் காளையோடு விட்டு, ஸ்கேன் பார்த்துச் சினை பிடித்ததை வைத்துக்கொள்வதுதான் நெப்ராஸ்காப் பண்ணைகள் பலவற்றின் வழி. சினை பிடிக்காத கிடேரிக்கு இலையுதிர் காலத்தில் ஒன்றரை வயது, இளமாட்டு இறைச்சிக்கு நல்ல விலை கிடைக்கும், நஷ்டமில்லை. குறைந்த தீவனத்திலும் முந்திச் சினை பிடித்த கிடேரி அந்த நிலத்துக்கு ஏற்ற மாடு என்று தானே நிரூபித்துவிட்டது.

இத்தனையும் ஐரோப்பிய வழிவந்த மாடுகளின் கதை. திமில் உள்ள மாட்டுக்குக் கணக்கே வேறு, அந்தக் கதை நம் பக்கத்தில் தொடங்குகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், ஓங்கோல் வட்டாரத்து மாடுகள் கப்பலேறிப் பிரேசில் போயின. இன்று அந்நாட்டின் இறைச்சி மந்தையில் மிகுதியாக இருக்கும் இனத்தின் பெயரே நெலோர். கிர், காங்கிரேஜ், நெல்லூர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகள் கலந்து அமெரிக்காவின் தென்பகுதியில் பிராமன் என்ற இனம் உருவாகி, 1933இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போனது. உண்ணியையும் வெயிலையும் தாங்கும் மாடு அது.

அந்தத் தாங்குதிறனோடு பொறுமையும் கூடவே வந்தது. மேய்ச்சலில் வளரும் நெலோர் கிடேரி பருவத்துக்கு வர 22 முதல் 36 மாதம் ஆவது வழக்கம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வடபகுதிக் கிடேரிகளை நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து, முதல் கார்பஸ் லூட்டியம் தெரியும் நாளைக் குறித்து 2009இல் வெளியிட்டார்கள். பிராமனில் சராசரி 751 நாள், வெப்பமண்டலக் கலப்பினத்தில் 651. இரண்டிலும் அப்போதைய எடை ஏறக்குறைய 330 கிலோ. ஒரே இனத்துக்குள், ஒரே புல்லில், ஓராண்டு தாண்டியதுமே வந்த கிடேரியும் உண்டு, மூன்று வயதைத் தொட்டும் வராத கிடேரியும் உண்டு. இந்த வயது வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபுவழி வருவது, பிராமனில் மரபுத்திறன் 0.57. இனப்பெருக்கப் பண்பு ஒன்றுக்கு இது மிக அதிகம்.

பிந்துவதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை பொய்த்தால் ஆறேழு மாதம் காய்ந்த தாள் மட்டுமே கிடைக்கும் நிலத்தில், இருப்பு சேரும்வரை காத்திருந்த மாடுதான் உயிரோடு இருந்தது, வம்சத்தை விட்டுப்போனது. ஆனால் புல்லை மேம்படுத்தி, பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் அதை உப்புக்கட்டியில் கலந்து கொடுத்து வளர்க்கும்போது அந்தப் பழைய காத்திருப்பு வெறும் செலவாகிவிடுகிறது. பிரேசிலில் பசுவுக்குப் பலமுறை பயன்படுத்தி வீரியம் குறைந்த புரோஜெஸ்ட்ரோன் சாதனத்தைக் கழுவி, கிடேரிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்துப் பருவத்தைத் தூண்டுகிறார்கள். அங்கே குறைந்த அளவுதான் நன்றாக வேலை செய்கிறது. இன்னொரு பக்கம் நெலோர் கிடேரிகளை 14 மாதத்திலேயே காளையோடு விட்டு, எவை சினை பிடிக்கின்றன என்று குறித்து, அவற்றின் தந்தைக் காளைகளுக்கு மதிப்பு கூட்டும் திட்டங்கள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. குறைந்த சதவீதமே பிடிக்கும். பிடிக்காததை விற்றுவிடுவதில்லை, இரண்டு வயதில் இன்னொரு மழைக்காலம் கொடுக்கிறார்கள். நெப்ராஸ்காவில் ஒன்றரை வயதில் லாரி ஏறியிருக்கும் கிடேரி, குயின்ஸ்லாந்திலும் பிரேசிலின் மாட்டோ க்ரோசோவிலும் இன்னும் தன் முறைக்காக மேய்ந்துகொண்டிருக்கும்.